கண்ணாடித் தாத்தா மிரளவே மாட்டார்

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அன்று காலையில் யாரும் கவனிக்கவில்லை. முந்தின நாள் வந்து தங்கியிருந்த நாத்தனார், தன் போனில் சார்ஜ் இல்லை என்று அண்ணியின் போனை வாங்கினாள். பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அப்புறம் அவள் என்ன நாத்தனார்? அங்கே இங்கே தடவிப் பார்த்தாள். பச்சை மேஜை, விரித்த சீட்டுகள், காசு வில்லைகள், ஓரத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தாத்தா படம். ஆன்லைன் போக்கர்.

அவள் போட்ட சத்தத்தில் மாமியார் ஈரக் கையோடு ஓடி வந்தாள். வந்தவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் மகன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் தவறி விழுந்து, கால் உடைந்து, மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கிறான். அதற்கு நஷ்டஈடாகக் கம்பெனி கொடுத்த பணத்தில் பாதி, வங்கியில் இல்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. எங்கே போச்சு, எங்கே போச்சு என்று வீடே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இதோ, விடை கிடைத்துவிட்டது!

"என் பிள்ளை காலை ஒடிச்சு வாங்கின பணம்மா அது... உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" மாமியாரின் குரல் உடைந்தது.

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஊன்றுகோலோடு அறை வாசலில் நின்றிருந்தான். உனக்கு இது தெரியுமாடா என்று அம்மா கேட்டு முடிக்கக்கூட இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

தெரியாதாம்! ஆடித் தொலைத்தவனே அவன்தான். கதவைச் சாத்திக்கொண்டு 'ஆன்லைன் வேலை' பார்த்த லட்சணம் அது. அந்த அறையில் அவன் சத்தமாக ஓடவிட்ட போக்கர் பாடங்களையெல்லாம் சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள் மருமகள். 'ப்ளஃப்' என்றால் என்ன? கையில் ஒன்றும் இல்லாமல், எல்லாம் இருப்பதுபோல் பெருந்தொகையைத் தூக்கிப் போட்டு, எதிராளியை மிரட்டிச் சீட்டைக் கீழே போட வைப்பது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கற்றுக்கொள்ளவா இவர் பாடம் கேட்கிறார், கல்யாணமான நாளிலிருந்து இதைத்தானே செய்கிறார் என்று.

முதலில் கெஞ்சினாள், அழுதாள். அவனும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். மறுநாளே சத்தியம் காற்றில் போயிற்று. என்னதான் செய்வாள்? ஆட்டத்தைத் தானே கற்றுக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. மத்தியானம் கண் பரிசோதிக்கும் அறை காலியாக இருக்கும். அந்த இருட்டில் உட்கார்ந்து, 'கண்ணாடித் தாத்தா' என்று பெயர் வைத்துக்கொண்டு, அவன் ஆடுகிற மேஜையிலேயே போய் எதிரே உட்கார்ந்தாள். அவன் பெயர் அங்கே 'மாடி மன்னன்'. மன்னன் என்ற பெயருக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

மற்றவர்களுக்கு அவன் புதிர். அவளுக்கா? மாத்திரை போட்டீங்களா என்று கேட்டால், போட்டிருந்தால் யோசித்து, முனகி, ஆமாம் என்பான். போடாவிட்டால் கேள்வி முடிவதற்குள் போட்டாச்சு என்பான். மேஜையிலும் அதே கதைதான். நல்ல சீட்டு வந்தால் தயங்கித் தயங்கிக் கட்டுவான். புளுகும்போது சடக்கென்று பெருந்தொகை வந்து விழும். அப்போதெல்லாம் தாத்தா விடாமல் அதே தொகையை ஈடு கட்டி, காட்டு சீட்டை என்பார். அவன் ஊராரிடம் தோற்பதற்கு முன் தன்னிடம் தோற்கட்டும் என்று, வென்றதில் ஒரு காசு தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தால் அவன் தாத்தாவைத் திட்டுவான். "ஒரு கிழவன் இருக்கான், என்ன போட்டாலும் மிரளவே மாட்டேங்கிறான். கையில கிடைச்சான்னா தொலைஞ்சான்." அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் இப்போது ஏன் வாயை மூடிக்கொண்டாள்? கால் ஒடிந்து, வேலை போய்க் கிடக்கிறவனிடம் மிச்சமிருந்தது அம்மா வைத்திருந்த மதிப்பு ஒன்றுதான். அதைத் தன் கையால் பறிக்க மனம் வரவில்லை. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. பணம் போனபோது வலிக்காத இடத்தில் இப்போது வலித்தது.

ஒன்று இந்த வீட்டில் அவள் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்றாள் மாமியார். நாத்தனார் அண்ணியின் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து வைக்கிற அளவுக்கு உதவிகரமாக இருந்தாள். அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மருமகள் கூடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று, அவர் வண்டியோடு வர வேண்டும். இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியாதா? போனதையெல்லாம் ஒரே மூச்சில் பிடித்துவிடலாம் என்று மிச்சப் பணத்தோடு இறங்குவான். நாத்தனார் வீசிப் போட்டிருந்த போனை எடுத்துத் திறந்தாள். நினைத்தது சரி. மாடி மன்னன் மேஜையில் இருந்தான், மொத்தத்தையும் கொண்டு வந்திருந்தான். தாத்தாவும் தனிக் கணக்கில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"பாரும்மா, இப்பக்கூட ஆடுறா," என்றாள் நாத்தனார்.

அவள் நிமிரவில்லை. அவளுக்கு வந்தது ஆர்ட்டின் அல்லாத இரண்டு ஏழு, ஒரு ஜோடி, அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரித்த ஐந்தில் நான்கு ஆர்ட்டின். எதிராளியிடம் இன்னும் ஓர் ஆர்ட்டின் இருந்தால், ஐந்தும் ஒரே இனமாகி, தாத்தா காலி. ஐந்தாவது சீட்டு விழுந்ததுதான் தாமதம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மொத்தப் பணமும் சடக்கென்று வந்து விழுந்தது. மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள்.

இதில் தோற்றால் அவளிடம் சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஈடு கட்டினாள்.

அவன் கையில் ஆர்ட்டினும் இல்லை, ஒரு ஜோடியும் இல்லை.

அறைக்குள்ளிருந்து வந்த அலறலில் மாமியார் பதறி எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தான் அவன். அந்தக் கிழவன், அந்தக் கிழவன் என்று ஏதோ சொல்ல வந்தவனின் கண் மனைவியின் கையில் இருந்த போனில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி. இரண்டு ஏழு. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

"என்னடா ஆச்சு? கால் வலியா?" என்று கேட்டாள் அம்மா.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மனைவி காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் தலை குனிந்து பைக்குள் போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பணத்தை அழிச்சது நான்தாம்மா," என்றான். "இவ இல்ல. நான் ஊர்க்காரனுக்கெல்லாம் வாரிவிட்டதுல பாதியை எதிர்ல உக்காந்து பிடிச்சு வச்சிருக்கா. இவ்வளவு நாளா நான் அவளையே ஏமாத்த ஆடியிருக்கேன்... காலையில உன்கிட்டயும் அதையே ஆடினேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நாத்தனாருக்கு அப்போதுதான் பொங்கி வழிந்த பாலின் ஞாபகம் வந்தது போலிருக்கிறது, சமையலறைக்குள் நழுவிவிட்டாள்.

மாமியார் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். அடிக்கக் கை ஓங்கினாள் மகனை, ஓங்கிய கை இறங்கிவிட்டது. மருமகள் பக்கத்தில் வந்து அவள் மடியிலிருந்த பையை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நான் என்னென்ன பேசிட்டேன்..."

"அவர் சொல்லுவார்னு இருந்தேன் அத்தை," என்றாள். அதற்குமேல் முடியவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. மாமியாரின் தோளில் விழுந்து வாய்விட்டு அழுதாள். கிழவியும் அவளை இறுகக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதாள். அழுது ஓய எத்தனை நேரமாயிற்றோ, வாசலில் அண்ணனின் வண்டி வந்து ஹாரன் அடித்தது.

அவன் தலை தூக்கினான். தள்ளி வைத்திருந்த பையையே பார்த்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணனை உள்ள வரச் சொல்லுங்க அத்தை," என்றாள். "எனக்கு ஒரு வாய் சோறு போடுங்க. பசி உயிர் போகுது."