பாலைக் கிணற்றின் பன்னிரண்டு ஒட்டகங்கள்

உருக்கிய பொன்னை வார்த்தாற்போல் அந்திக் கதிரவன் அரபு நாட்டு மணற்கடலின்மேல் தன் கடைசிக் கதிர்களைச் சொரிந்துகொண்டிருந்த வேளையில், மணற்குன்று ஒன்றின் முகட்டுக்குப் பின்னால் இருவர் குப்புறப் படுத்திருப்பதை வாசகர்கள் காணலாம். ஒருவன் பாண்டிய மன்னரின் தூதன் மாறன் எயினன். மற்றவள் அவனுக்கு வழிகாட்டி வந்த, பாலையில் கூடாரமிட்டு அலையும் பதூயின் குலத்து ஒட்டகக்காரி ருமைஸா.

பாண்டியருக்குக் குதிரைகள் அனுப்பிவந்த துறைமுகத்தின் அமீரைக் கொன்று அவர் தம்பி அரியணை ஏறியிருந்தான். அமீரின் மகளோ பாலையில் எங்கோ மறைந்து வாழ்ந்தாள். அவளுக்கு அடைக்கலம் அளிக்கும் பாண்டியரின் திருமுக ஓலை எயினனின் இடைக்கச்சையில் இருந்தது. அவளிடம் அவனைச் சேர்ப்பதாக ருமைஸா வாக்களித்திருந்தாள்.

குன்றின் அடியில் கிணறு. அதைச் சுற்றிலும் புதிய அமீரின் வீரர் பன்னிருவர். புறப்பாட்டுக்காகச் சேணமும் நீர் நிரம்பிய தோற்பைகளும் பூட்டி அவர்கள் நிறுத்தியிருந்த பன்னிரண்டு ஒட்டகங்களும், பத்து நாட்களுக்கு முன் ருமைஸாவின் கூடாரங்களிலிருந்து கொள்ளைபோனவை. எயினனையும் ருமைஸாவையும் சுமந்துவந்த ஒட்டகம் காலையில் இறந்துவிட்டது. நீர் அருந்தி இரண்டு பகல்கள் ஆகியிருந்தன.

“தூதரே, திருமுகத்தை அவர்களிடம் கொடுத்தால் தண்ணீர் தருவார்கள். உயிரோடு ஊர் திரும்பலாம்” என்றாள் ருமைஸா.

வெடித்த உதடுகளை அசைத்தான் எயினன். “இது எனக்குரியதன்று, அம்மணி. நான் இறந்தால் இதையும் என்னோடு மணலில் புதைத்துவிடுங்கள்.”

அவனை நெடுநேரம் உற்றுப் பார்த்தவள் சட்டென எழுந்து முகட்டில் நின்றாள். ஒட்டகங்களை நீருக்கு அழைக்கும் பாட்டு அவளுடைய வறண்ட தொண்டையிலிருந்து உடைந்து எழுந்தது. கீழே ஒரு கழுத்து நிமிர்ந்தது; அடுத்து இன்னொன்று. மறுகணம் பன்னிரண்டும் பிடித்திருந்தவர்களை இழுத்துத் தள்ளிவிட்டு, கயிறுகள் மணலில் புரள, பழகிய குரலை நோக்கிப் பாய்ந்து வந்தன.

வீரன் ஒருவன் வில்லை வளைத்தான். எயினன் குறுக்கே பாய, அம்பு அவன் தோளில் தைத்தது. அந்தத் தடுமாற்றத்தில் ருமைஸாவின் முகத்திரை நழுவியது.

“எய்யாதீர்கள்! அமீரின் மகள் அவள், உயிரோடு பிடியுங்கள்!” என்று கீழிருந்து ஒரு குரல் கத்தியது.

ஆனால் அதற்குள் இருவரும் ஒட்டகமேறி விட்டிருந்தனர். பாலையில் காலால் ஓடி ஒட்டகத்தைப் பிடித்தவர் யார்?

நெடுந்தொலைவு சென்றபின் அவள் இறங்கி அவனுக்கு நீர் புகட்டினாள். அம்பைப் பிடுங்கிக் காயத்தைக் கட்டினாள். முன்பு வந்த ஒரு தூதன் தாகத்துக்கு அஞ்சித் தன்னைக் காட்டிக்கொடுக்க முயன்றதையும், அதனாலேயே இம்முறை, தனக்குப் புகலிடம் தந்த பதூயின் கூடாரத்து ஒட்டகக்காரியாகவே வந்து, தான் யார் என்பதை மறைத்ததையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். எயினன் மண்டியிட்டுத் திருமுகத்தை நீட்டினான். பாண்டிய நாட்டுக் காயல்துறைக்குச் செல்லும் கப்பல் இளவரசிக்காகக் காத்திருப்பதாகவும் தெரிவித்தான்.

“உங்கள் மன்னருக்கு என் நன்றி. தந்தையின் கோட்டை வாயில் எனக்குத் திறக்கும்வரை நான் கப்பலேற மாட்டேன். இது ஆணை” என்றாள் அவள்.

எயினன் எழுந்தான். வலது தோள் அசையவில்லை. இடக்கையால் முன்னொட்டகத்தின் கயிற்றைப் பற்றினான்.

“அப்படியானால் கப்பல் நான் இல்லாமலே போகட்டும். கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது, இளவரசி?”