வலிக்காத கணுக்கால்

மருந்துக்கடையில் வலி ஸ்பிரே ஒரே ஒரு டப்பாதான் மிச்சம். அதை இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பிடித்தன.

“நான்தாங்க முதல்ல எடுத்தேன்,” என்றான் அவன்.

“எடுத்துக்கோங்க... ஆனா உங்க இடது தோள் இதுக்கெல்லாம் அடங்காது. குடையை மடக்கக்கூட அந்தக் கையைத் தூக்கலையே நீங்க!”

அவள் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. அது விழும்வரை அவன் பார்த்தான். பிறகு காசைக் கொடுத்துவிட்டு, டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு மழையில் ஓடினான்.

மறுநாள் மைதானத்தில் கோச் அறிமுகப்படுத்தினார். “நம்ம டீமோட புது பிசியோ.”

அவளேதான்!

அவன் அந்த அணியின் கோல்கீப்பர். ‘சுவர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சுவரில் விரிசல் என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு அவனுடைய கிளவுஸ் மாற்றுக் கீப்பர் நெட்டைக்குப் போய்விடும். அவள் அறைப் பக்கமே அவன் போகவில்லை.

ஆனால் அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு... தினமும் பயிற்சி முடிந்ததும் நெட்டை அவள் மேஜைமேல் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏதோ சொல்வான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பந்தைப் பிடிக்கத் தெரியாது, பல்லைக் காட்ட மட்டும் தெரியுது!

“என்ன சுவரு, புகைச்சல் வாசனை வருது?” என்றான் கேப்டன்.

“வெயில்டா.”

“மழை கொட்டுது மாப்ள!”

அன்று சுவர் நொண்டினான். நொண்டியபடியே கண்ணாடிக் கதவைத் தள்ளினான். “கணுக்கால்... பிசகிடுச்சு.”

“ஏறி உக்காருங்கண்ணே!” நெட்டை துள்ளி இறங்கி வெளியே ஓடிவிட்டான்.

மேஜை உயரம். சுவர் ஒரே எம்பில் ஏறினான்.

அவள் காலை அழுத்தினாள். “வலிக்குதா?”

“உயிர் போகுது.”

“இடது கையை ஊன்ற முடியாம, பிசகின காலாலேயே எம்பிக் குதிச்சு ஏறினீங்களே சார்... எதுக்கு இந்தப் பொய்க் கால்?”

ஜன்னலில் மழை. அவன் தலை குனிந்தான். “அவன் மட்டும் தினமும் இங்க...”

“அவருக்கு ஒரு வலியும் இல்ல. ‘அண்ணன் தோளு சரியில்ல மேடம். நான் சொன்னா அவர் இடத்துக்கு அலையறேன்னு நினைப்பாரு, நீங்க கூப்பிடுங்க’ன்னு தினமும் கெஞ்சுவார்.”

“அதுக்கா அந்தச் சிரிப்பு?”

“தூக்கத்துல பந்துக்குப் பாய்ஞ்சு கட்டில்லேர்ந்து விழுவீங்களாமே...”

அவனுக்குக் காது சுட்டது.

அவள் கை அவன் தோளருகே வந்து, தொடாமல் நின்றது. “கடையில பார்த்தது என் ஊகம்தான். தொட்டுப் பார்த்துட்டா கோச்கிட்ட மறைக்க மாட்டேன். யோசிச்சுக்கோங்க.”

ஒரு விரல்கடைத் தூரம்... அதற்குள் இறுதிப் போட்டி இருந்தது. அவனுடைய பெயர் இருந்தது.

“தொடுங்க.”

தொட்டாள்.

“வலிக்குதா?”

“ரொம்ப...” கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரிடமும் சொல்லாத சொல்.

ஞாயிற்றுக்கிழமை தன் கிளவுஸைத் தானே நெட்டையிடம் கொடுத்தான். கையில் கட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பெனால்டியை நெட்டை பாய்ந்து தடுத்தான். அவள் எழுந்து நின்று கை தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்...

“அவ்வளவு பலமாத் தட்டணுமா?”

“பொறாமையா?”

“ஆமா. முன்னாடி கோல் போஸ்ட்டுக்கும் சேர்த்து இருந்துச்சு. இப்ப உங்களுக்காக மட்டும்தான்.”

“பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு இவ்வளவு சுத்தா?”

“பிடிச்சிருக்கு.”

அவள் உட்கார்ந்தாள். சிவந்திருந்த தன் கை ஒன்றை அவனுடைய நல்ல கைக்குள் வைத்தாள்.

“இனி ஒத்தக் கையால எப்படித் தட்டுறது? போதுமா... நிம்மதியா?”