கவிழ்த்த எண்ணெய்

டொம்!

பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. சற்று முன்புதான் ஜாக்கில் ஏற்றிய கார், முட்டுக்கட்டை கொடுப்பதற்குள் மெல்ல மெல்ல அமுங்கி, கடைசியில் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டது.

“மச்சான், இந்த ஜாக்கு உங்களை மாதிரியே இருக்கு. வெயிட்டு ஏறுனா உக்காந்துக்கிருது,” என்று சிரித்தான் சதீஷ்குமார், பட்டறைக்காரன் வீரபாண்டியனின் தங்கை பாண்டீஸ்வரியின் கணவன்.

“வாயை மூடு மாப்ள. வளைகாப்புச் சோத்தைத் தின்னுட்டு நீ நெளியுறதை நான் பாக்கலையாக்கும்?”

சொல்லிவிட்டானே தவிர வீரபாண்டியனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் சதீஷ் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். பாண்டீஸ்வரி வயிற்றுப் பிள்ளைக்காரி.

நெற்குப்பையில் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றின் கார் கொட்டகையைக் காலி செய்தபோது வந்த ஜாக் அது. பழைய கார் ஒன்று பல வருடங்களாக அதன் மேலேயே தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்ததாம். “வண்டியை எடுத்தப்ப அடியில ஒரே நாத்தம்ணே. எலி கிலி செத்துக் கெடந்திருக்கும்,” என்றான் அதை விற்ற பழைய சாமான்காரன் முத்தழகு. ஜாக்கை வைத்தவர் ஏன் அதை எடுக்காமலே போனார் என்று வீரபாண்டியன் கேட்கவில்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜாக்கை வெளியே உருவி, எண்ணெய் மூடியைக் கழற்றிச் சட்டியில் கவிழ்த்தான். எண்ணெய் ஒழுகவில்லை, சரிந்தது. கறிக்கடைக் கழிவுத் தொட்டியை உச்சி வெயிலில் திறந்ததுபோல, புளிப்பும் தித்திப்புமான நாற்றம் தொண்டைக்குள் இறங்கி நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. பழுப்புச் சளி நூல்நூலாக இழுபட்டது. அதன் மேலே, ஆறிப்போன ஆட்டுக்கால் சூப்பில் படிவதுபோல ஒரு வெள்ளை ஏடு. பிஸ்டனை உருவினான். ரப்பர் சீல் கிழிந்திருந்தது. கிழிசலில் முடி. குறட்டால் பிடித்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. நுனியில் கொஞ்சம் தோல். விரலில் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தான்.

“எலிதான் மச்சான். மசக்கை உங்களுக்கா, எம் பொண்டாட்டிக்கா?” என்றான் சதீஷ்.

மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி, புது சீல் போட்டு, புது எண்ணெய் ஊற்றி, உள்ளே நின்ற காற்று வெளியேறும்வரை கைப்பிடியை அடித்தான். சட்டியை மட்டும் கண்ணெதிரே வைத்திருக்க முடியவில்லை. புழுதி அடங்கவும் கரையான் அண்டாமல் இருக்கவும் கழிவு எண்ணெயை மண் தரையில் ஊற்றுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம்தான். காருக்கு அடியிலேயே அதைச் சாய்த்துவிட்டான். செம்மண் அதைக் குடித்தது. பசித்த குழந்தை பால் உறிஞ்சுவதுபோலச் சத்தம் கேட்டது.

மழைச் சத்தமாக இருக்கும்.

கார் ஏறியது. நின்றது. ஜாக்கின் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டு, இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். கோடு நகரவில்லை. இடித்த வீட்டுத் தேக்குத் தூணில் அறுத்த முட்டுக்கட்டைகளையும் வண்டிக்கு அடியில் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் சதீஷைப் போகவிட்டான். அவன் சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தான்.

ஸ்பேனர் சத்தம் கேட்டது. ஒரு பாட்டின் முணுமுணுப்பு.

பிறகு முணுமுணுப்பு நின்றது.

“மச்சான், கொஞ்சம் ஏத்துங்க. நெஞ்சில இடிக்குது.”

குனிந்தான். வண்டிக்கும் சதீஷின் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்கூட இல்லை. இறங்குகிறதா? மறுபடியுமா? கைப்பிடியை அடித்தான். வண்டி கட்டைகளை விட்டு எழும்பியது. குனிந்து பார்த்தான். இடைவெளி கூடவில்லை. மறுபடி அடித்தான். கூடவில்லை.

சதீஷின் காலைப் பிடித்து இழுத்தான். வழுக்கியது. முழங்கால்வரை பழுப்புச் சளி. வெதுவெதுப்பாக. அந்த நாற்றம்.

“ஜாக்கு எறங்குது மாப்ள! வெளிய வா!”

நசுங்கிய குரல் வந்தது.

“ஜாக்கு நிக்கிது மச்சான்... தரைதான் என்னயத் தூக்குது.”