டைரக்ட் லைன்

மாவு ஆட்டி மாதக்கணக்காகிவிட்ட சமையற்கட்டில் புளித்த மாவு வாடை அடித்தது.

வடிவேலு மூக்கைச் சுளித்தார். நாளை அவருடைய சாப்பாட்டுக்கடை மறுதிறப்பு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியா முழுக்க அழைப்பு போயாகிவிட்டது. சற்றுமுன்தான் குருக்கள் பூஜையை முடித்துவிட்டுப் போயிருந்தார். முன்பக்கம் மனைவி சிவகாமசுந்தரி பூச்சரம் மாட்டிக்கொண்டிருந்தாள். பூஜைக்காகக் கழற்றிய செருப்புகள் வாசலிலேயே கிடக்க, ஜன்னலில்லாத அந்தச் சமையற்கட்டின் ஈரத்தரையில் வெறுங்காலோடு நடந்தார். கற்பூர வாசனையை அந்தப் புளிப்பு மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது.

மூலையில் பெரிய கிரைண்டர். அதைப் பிடித்தபடியேதான் கடையில் மாவாட்டிய மருதப்பன் செத்துப்போனான்.

“அண்ணே, கிரைண்டர்ல ஷாக் அடிக்குது லா” என்று அந்த அப்பாவி எத்தனை தரம் கெஞ்சியிருப்பான்! மதியக் கூட்டம் அலைமோதும்போதுதான் மின்கசிவைக் கண்டு பிரேக்கரும் படக்கென்று விழும். “ரப்பர் ஸ்லிப்பர் போட்டுக்கடா, ஒன்னும் ஆகாது” என்றார் முதலாளி வடிவேலு. அதோடு விட்டாரா? லைசென்ஸ் இல்லாத ஓர் ஆளைப் பிடித்து, பிரேக்கர், மெயின் எதிலும் சிக்காமல் கிரைண்டருக்கு டைரக்ட் லைன் இழுக்க வைத்தார். வியாபாரம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஸ்லிப்பர் அறுந்த அன்று மருதப்பன் போய்ச் சேர்ந்தான். அதிகாரிகள் வருவதற்குள் அந்த வயர் மாயமானது. சுவரில் புத்தம்புதிய பாதுகாப்புச் சுவரொட்டி முளைத்தது. பழியெல்லாம் அறுந்த ஸ்லிப்பர் மேல் விழுந்தது. வெட்கங்கெட்ட மனிதர், இரவில் நன்றாகத் தூங்கவும் செய்தார்.

கிர்ர்ரென்று ஒரு சத்தம்.

கல்லும் கல்லும் உரசும் அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பிளக்கோ தரையில் கிடந்தது.

சுவரோரமாகவே நகர்ந்து போய் மெயினை இழுத்து அணைத்தார். விளக்குகள் போயின. ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது.

கிரைண்டர் நிற்கவில்லை.

இருட்டு. புளிப்பு வாடை. பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள்.

ஒரு கை அவர் மணிக்கட்டைப் பற்றியது. ஈரக்கை. மாவு பிசுபிசுத்தது.

“ஸ்லிப்பர் போட்டிருக்கீங்களாண்ணே?”

அக்கறையான குரல். அதே குரல்.

கை இழுத்தது. கிரைண்டரின் இரும்புச் சட்டத்தின்மேல் அவர் உள்ளங்கையைப் பதித்தது. விரல்கள் தாமாகவே இறுகின. பற்கள் கிட்டின. விட முடியவில்லை. கத்த முடியவில்லை.

“ஏங்க? இருட்டுல என்ன பண்றீங்க?”

சிவகாமசுந்தரி. கைபேசி வெளிச்சம் மெயின் பெட்டியைத் தொட்டது, பிறகு சுவரொட்டியை. ‘மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடாதீர்கள்.’ அவர் கையாலேயே ஒட்டியது. வெளிச்சம் அங்கே நிற்காமல் அவர்மேல் வந்து விழுந்தது.

“ஐயோ! ஏங்க இப்படி நடுங்குறீங்க? மெயினத்தான் ஆஃப் பண்ணிருக்கீங்களே, பயப்படாதீங்க. இதோ வந்துட்டேன்.”

வராதே. தொடாதே. நாக்கு அசையவில்லை.

ஈரத்தரையில் மெட்டிச் சத்தம் நெருங்கியது. வெறுங்கால். மணிக்கட்டை இன்னும் விடாத அந்தக் கைக்குப் பக்கத்தில், அவரைப் பிடித்து இழுக்க, வளையல் போட்ட அவள் கை நீண்டது.