உள்ளே ஆள்

விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் பனி படர்ந்திருந்தது.

வெளிப்பக்கம் என்றுதான் அருள்ஜோசப் முதலில் நினைத்தார். ஐப்பசி மாதத்து மத்திகிரியில் காலை ஏழு மணிக்கு எந்தக் கண்ணாடிதான் மங்காமல் இருக்கிறது? பனியன் நுனியால் துடைத்தார். போகவில்லை. இன்னொரு தரம் துடைத்துவிட்டு டியூப்லைட் அடியில் சாய்த்துப் பார்த்தார். மங்கல் உள்ளே இருந்தது. கட்டைவிரல் உயரத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் விமானி வெறும் நிழலாகத் தெரிந்தான்.

"குவிக் கம்மு வேல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நியாயமான காரணம்தான். மூடிய இடத்தில், நொடியில் ஒட்டிப் பிடிக்கும் குவிக் கம்மின் ஆவி வெள்ளையாகப் படியும். மகன் எட்சன் தன் நோட்டில் சிவப்பு மையால் எழுதியே வைத்திருந்தான்: 'கண்ணாடிக்கு ஒயிட் கம் மட்டும்.' படித்தும் கெடுத்தார் மனுஷன். முந்தின நாள் சாயங்காலம் இறக்கையில் புகைக் கறைக்காகக் கரித்தூள் தடவிக்கொண்டிருந்தார். தூள் உள்ளே விழுந்து விமானியின் புதுப் பெயிண்டில் ஒட்டிவிடுமே என்று ஒரு அவசரம். கைக்கு அகப்பட்ட கம்மை வைத்துக் கண்ணாடியை அழுத்தி மூடிவிட்டார்.

ஆனால் குவிக் கம் படிந்தால் படிந்ததுதான், வந்து வந்து போகாது. இது போயிற்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரமாகத் தெளிந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தெளிந்தது. ஒரு ஆள் அசந்து தூங்கும்போது மூச்சு விடுகிற நிதானம் அதில் இருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். தூக்கம் இல்லாத கண் எதைத்தான் காட்டாது!

அந்த அறை மொட்டை மாடியில் இருந்தது. தகரக் கூரை, வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு, கம்பி வைத்த ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். பெயிண்டில் தூசி விழக்கூடாது என்று ஜன்னல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, கதவின் அடிச்சந்தில் செய்தித்தாளைத் திணித்து வைத்திருந்தார். மாட்டுப் பண்ணையிலிருந்து எந்நேரமும் வரும் சாணி வாசனைகூட உள்ளே நுழையாது. தின்னர் வாசனை மட்டும்தான். ஆறரைக்கு மனைவி ஜெபசீலி ரோஜாத் தோட்டத்து வேனில் ஏறிப் போய்விட்டால், பொழுது சாயும்வரை அவருக்கு அந்த அறையே கதி.

விமானம் எட்சனுடையது. இரண்டாம் உலகப் போரில் பர்மா வானத்தில் பறந்த ஹரிகேனின் பிளாஸ்டிக் மாடல். இறக்கையின் நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெங்களூருக்குப் போய் வாங்கி வந்த பெட்டியைப் பிரித்து, நூற்றுச் சொச்சம் துண்டுகளை ஒட்டி, பச்சையும் மண் நிறமுமாக அடித்து வைத்திருந்தான். விமானியை உட்காரவைத்துக் கண்ணாடி மூடுவது பாக்கி, அப்புறம் வெதரிங். புது விமானத்தைப் போருக்குப் போய் அடிபட்டு வந்ததாக மாற்றுகிற வேலை. முப்பது வருஷம் டேங்கர் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர் அருள்ஜோசப். சின்னக் கீறல் இருந்தாலும் வண்டியை ஷெட்டை விட்டு விடமாட்டார். "நல்லா இருக்கறத எதுக்குடா கெடுக்கற?" என்று மகனைக் கிண்டல் செய்திருக்கிறார். குனிந்து பார்க்கப் போனால் அவன், "அப்பா, கிட்ட வந்து மூச்சு விடாதீங்க, கண்ணாடி மங்குது" என்பான்.

இருபத்துநாலு வயசில் போய்விட்டான். இப்போது இவர் அவனுக்காகப் புதுப் பெயிண்டைக் கீறிக்கொண்டிருந்தார். பஞ்சில் வெள்ளி நிறம் தொட்டு இறக்கை ஓரத்தில் ஒற்றினார், எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்க் கறை இழுத்தார். கல்லறைத் திருநாளுக்குள் முடித்து அவன் கல்லறைத் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். இன்னும் மூன்றே நாள்.

அடுத்த நாள் காலை, கண்ணாடிக் கூண்டின் சட்டத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது.

அவர் செய்ததல்ல. வெளியிலிருந்து கீறினால் பெயிண்ட் உள்பக்கம் அமுங்கும். உள்ளிருந்து நெம்பினால்தான் விளிம்பு வெளியே தள்ளும். இது தெரியாமலா முப்பது வருஷம்? சட்டம் நெடுக விளிம்பு வெளியே தள்ளியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் நாலு கோடுகள், மயிரிழை போல, பக்கத்தில் பக்கத்தில். விமானியின் கைகளை அவர்தான் மடிமேல் வைத்து ஒட்டியிருந்தார். இப்போது மடிமேல் கைகள் இல்லை. மங்கலில் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. கூர்ந்து பார்க்க அவருக்குத் துணிவும் இல்லை.

விமானத்தின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஜெபசீலி துணி எடுக்க மாடிக்கு வந்தவள், அறை வாசலில் நின்றாள். ரோஜா முள் கிழித்த விரல்களைச் சேலையில் துடைத்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்னாங்க, உள்ள என்னமோ டொக் டொக்குனு கேக்குது?"

"ஒண்ணுமில்ல. சூடு ஆறுது" என்றார் பின்னாலேயே ஏறி வந்த அருள்ஜோசப்.

சொன்ன வாய் சொன்னபடியே நின்றுவிட்டது. அவள் துணியை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள். பிளாஸ்டிக்குக்கு ஏது சூடு? அது ஆறும்போது ஏது சத்தம்? அந்த வார்த்தை இந்த அறையின் வார்த்தையே இல்லை. ஆனி மாதத்தில், ஷெட்டில், அதே தொண்டையிலிருந்து வந்த வார்த்தை.

அன்றைக்குக் கர்நாடகப் பக்கமிருந்து திடீரென்று தூறல் இறங்கியது. ஷெட் வாசலில் நின்ற புது டேங்கரின் பேரலுக்குள், அந்த உருளைத் தொட்டிக்குள், அங்கேயே வேலை பார்த்த எட்சன் இறங்கிச் சாம்பல் நிற லைனிங் பெயிண்ட் அடித்திருந்தான், ஈரம் காயவில்லை. தண்ணீர் பட்டால் அத்தனையும் பாழ். அருள்ஜோசப்தான் ஏணியில் ஏறினார். மேல் ஓட்டையில் குனிந்து, "எட்சா, இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. டீக்குப் போயிருப்பான் என்று மூடியை இழுத்துப் போட்டு, திருகாணியையும் முறுக்கினார். உள்ளே ஆள் இறங்கினால் மூடியில் 'உள்ளே ஆள்' என்று ஒரு அட்டை தொங்கவேண்டும். அட்டை இல்லையே!

கொஞ்ச நேரம் கழித்து வெல்டர் தீர்த்தகிரி கேட்டான்: "அண்ணே, பேரலுக்குள்ள யாரோ தட்டற மாதிரி இல்ல?"

"தகடுடா. வெயிலு போச்சில்ல, சூடு ஆறுது."

மூன்று தட்டல். ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. அப்புறம் தூறல் சத்தம் மட்டும்.

எல்லாம் முடிந்து, பெயிண்ட் ஆவியில் மூச்சடைத்துக் கிடந்த மகனை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடியபோது, லாரிச் சக்கரத்தருகே அந்த அட்டை கிடந்ததை அவர் பார்த்தார். காற்று பிய்த்துப் போட்டிருக்கிறது. எழுத்துப் பக்கம் கீழே. யாரும் பார்க்குமுன் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை அவருக்கே விளங்கவில்லை. மூடியை மூடியது யார் என்று விசாரித்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. அட்டை இப்போது விமானப் பெட்டிக்குள், அடியில் இருக்கிறது.

ஜெபசீலி ஒவ்வொரு ராத்திரியும் ஜெபத்தின் கடைசியில், "ஆண்டவரே, மூடினவங்க யாரா இருந்தாலும் அவங்களையும் மன்னிச்சிடும்" என்பாள். அவர் பக்கத்தில் முழந்தாளிட்டு "ஆமென்" என்பார். ஐந்து மாதமாகச் சொல்கிறார். நெஞ்சு வெடித்துவிடாமல் எப்படித்தான் இருக்கிறதோ பாவி நெஞ்சு.

மூன்றாம் நாள் மத்தியானம்வரை வெயில் கொளுத்தியது. இரண்டரைக்கு வானம் இருண்டது. கரண்ட் போனது. அருள்ஜோசப் மேலே வந்து கதவைச் சாத்தி, விமானத்தின் மேலிருந்த துணியை எடுத்தார்.

கூண்டு முழுக்க வெள்ளை. ஒரு பொட்டுத் தெளிவு இல்லை.

டொக். டொக். டொக்.

"வந்துட்டேன்டா" என்றார். "இந்த வாட்டி வந்துட்டேன். அப்பா தொறந்துடறேன்."

பிளேடை எடுத்துச் சட்டத்தின் அடியில் கொடுத்தார். குவிக் கம் கல்லாக இறுகியிருந்தது. அவசரத்தில் முழங்கை தட்டித் தின்னர் பாட்டில் சாய்ந்தது. மேஜையெல்லாம் ஓடித் தரையில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை. கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

டொக். டொக். டொக்.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம். தோட்டத்தில் இன்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. "என்னாங்க, மேல இருக்கீங்களா?" ஜெபசீலியின் குரல்.

பிளேடு அப்போதுதான் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு விட்டால் நழுவிவிடும். அவர் பதில் சொல்லவில்லை.

"எங்க போனாரோ. சாரல் அடிக்குது, புள்ள சாமானெல்லாம் நனஞ்சிடும்" என்று அவள் தனக்குள் முனகுவது கேட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. கொலுசு இறங்கிப் போனது.

பட்.

கண்ணாடி கழன்று கையில் வந்தது. ஒரு சூடான மூச்சு அவர் முகத்தில் பட்டது. சாம்பல் நிற லைனிங் பெயிண்டின் வாசனை.

சீட்டில் யாரும் இல்லை. வார் மட்டும் அவிழ்ந்து கிடந்தது.

தட்டல் நின்றுவிட்டது.

அவர் மேஜையடியில் தேடினார். தரையில் தேடினார். தின்னர் நெடி மூக்கில் ஏறி, தலை சுற்றியது. ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி உள்பக்கம் மங்கத் தொடங்கியிருந்தது. அவர் மூச்சு விட்டார், மங்கியது. இழுத்தார், தெளிந்தது.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. போன் கீழே சார்ஜில் கிடந்தது.

"ஜெபா!" மழை தகரத்தில் இரைந்தது. "ஜெபா, நான்தான்! நான்தான் மூடினேன்! அன்னிக்கி மூடினது நான்தான்!" ஐந்து மாதம் அடைத்துக் கிடந்தது வந்துவிட்டது. அவர் காதுக்கே அது எட்டவில்லை. தொண்டை எரிந்து, குரல் காற்றாகப் போனது.

கதவைத் தட்டினார். மூன்று தட்டல். மூச்சு வாங்கியது. மறுபடி மூன்று.

மழை ஒரு கணம் தணிந்தபோது கீழ்வீட்டு ரேவதியின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. "அக்கா, மேல யாரோ தட்டற மாதிரி இல்ல?"

"தகரம்மா" என்றாள் ஜெபசீலி. "வெயிலு போயி மழ பெய்யுதில்ல. சூடு ஆறுது. அவரு அப்படித்தான் சொல்லுவாரு."

அருள்ஜோசப் முழந்தாளில் விழுந்தார். பெட்டியைக் கவிழ்த்தார். அட்டை. கதவின் அடியில் திணித்திருந்த செய்தித்தாளைப் பிய்த்து இழுத்தார். எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சந்து வழியாக வெளியே தள்ளினார். துணி எடுக்க வருவாள். பார்ப்பாள். பார்த்தால் போதும்.

அட்டை முழுக்க வெளியே போனது.

கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தார். கீழே ஜெபசீலி ரேவதியோடு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். சமையலறைப் பாத்திரம் உருண்டது. மாடியில் யாரும் இல்லை.

அட்டையின் முனை சந்தில் தெரிந்தது.

மெதுவாக உள்ளே வந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அதைத் தள்ளிய விரல் நுனிகள் கதவுக்கு அடியில் தெரிந்தன. ஈரச் சாம்பல் நிறம்.

அட்டை அவர் முகத்தருகே வந்து நின்றது. எழுத்துப் பக்கம் கீழே.