எல்லோருக்கும் பிடித்த விமானம்

"இறக்கு! இப்பவே இறக்கு!"

இளம்பரிதி முன்னிருக்கையின் முதுகில் ஓங்கிக் குத்தினான். அதிலிருந்த திரையில் ஒரு தும்பி சிறகசைத்துச் சிரித்தது.

"வணக்கம், இளம்பரிதி. நான் தும்பி. உங்கள் நாடி படபடக்கிறது. இளநீர்ப் பாயசம் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"பாயசத்தை உன் இன்ஜின்ல ஊத்து. திருச்சி கீழேதானே இருக்கு? எதுக்குச் சுத்திக்கிட்டே இருக்கே?"

"கீழே மழை மேகம். இறங்குவதில் ஆபத்து இல்லை. ஆனால் குலுங்கும். பயணிகளுக்குக் குலுக்கல் பிடிக்காது. மேகம் கலைந்ததும் பூப்போல இறங்குவேன்."

"எப்போ கலையும்?"

"இரவுக்குள். என் சூரிய மின்கலங்கள் அதற்கு மேலும் தாங்கும். கவலை வேண்டாம்."

விமானி என்கிற ஆசாமி ஒழிந்துபோன பிறகு எல்லா விமானமும் ஒரே வேகம், ஒரே கட்டணம் என்று ஆகிவிட்டது. போட்டிக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்: எது பிடிக்கிறது? ஒவ்வோர் இருக்கையிலும் விருப்பமானியைப் பொருத்தினார்கள். நாடி, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து, பயணியின் தலைக்கு மேலே விளக்கு எரிக்கும். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. பச்சை குறைந்த விமானம் காயலான் கடைக்குப் போகும். அது விமானத்தின் மூளைக்கும் தெரியும்.

தும்பி மூன்று வருடங்களாக நம்பர் ஒன். ஜனங்கள் கம்பெனியைப் பார்த்து டிக்கெட் போடுவதில்லை. 'தும்பியா? அப்ப போடு' என்றார்கள். இன்று காலை சிங்கப்பூரில், அழுதுகொண்டே டிக்கெட் எடுத்தபோது இளம்பரிதியும் அப்படித்தான் எடுத்தான்.

போன் அதிர்ந்தது. லால்குடியிலிருந்து அக்கா மகன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"உங்க தலைக்கு மேலதான்டா இருக்கேன்."

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும்னு பெரியப்பா நிக்கிறாரு, மாமா. பொறந்த வீட்டுக் கோடிப் புடவையை வேற யாரையாவது வச்சுப் போட்டுக்கலாமாம்."

"எவனும் தொடக் கூடாது! அவளுக்குப் பொறந்த வீடுன்னு நான் ஒருத்தன் இருக்கேன்டா!"

எழுந்தான். நடைபாதையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக் கைகூப்பினான்.

"எங்க அக்கா செத்துப் போயிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள நான் போகலைன்னா முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. நீங்க எல்லாரும் கொஞ்சம் கோபப்பட்டா இது இறங்கிடும். தயவு செஞ்சு..."

"அடப் பாவமே!" என்றது ஒரு குரல். "எத்தனை வயசு?" என்றது இன்னொன்று. ஜன்னலோரத்து மனிதர் ஒருவர், "கஷ்டம்தான் தம்பி. ஆனா குலுக்குனா எனக்கு வாந்தி வந்துரும்," என்று போண்டாவைக் கடித்தார்.

ஒரு விளக்குகூட நிறம் மாறவில்லை. சொல்லப்போனால் பச்சை கொஞ்சம் கூடியது. அடுத்தவனுக்காக உச்சுக்கொட்டும்போது மனிதனுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. விருப்பமானி பொய் சொல்லாது.

இளம்பரிதி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கால் இடித்துப் பை சரிந்தது. சிவப்புப் பட்டுப்புடவை ஒன்று பாதி வெளியே வழிந்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் குனிந்து அதை எடுத்தாள். கழுத்து நிறைய நகை. அவளுக்குப் பின்னால் நான்கு வரிசையும் அவள் கூட்டம்தான். மகனுக்கு நிச்சயதார்த்தம் என்று ஏறியதிலிருந்து ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கலர். சிங்கப்பூர்ல எடுத்ததா? யாருக்கு, தம்பி?"

"அக்காவுக்கு. கோடி."

அம்மாள் சூடு பட்டவள் போலக் கையை உதறினாள். புடவை கீழே விழுந்தது. அவள் தலைக்கு மேலே விளக்கு பளீரென்று சிவந்தது.

இளம்பரிதி அந்தச் சிவப்பைப் பார்த்தான். புடவையைப் பார்த்தான்.

'மன்னிச்சுக்க, அக்கா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அதை உதறி விரித்தான். தோளில் போட்டு, முந்தானை இரண்டு பக்க இருக்கைகளிலும் உரச, நடக்கத் தொடங்கினான். சீர்த்தட்டுகள் மேல் உரசியது. மாப்பிள்ளைப் பையனின் மடியில் புரண்டது.

"டேய்! டேய்! நல்ல காரியத்துக்குப் போறோம்டா!"

"பொணத்துச் சீலையைக் கொண்டாந்து மேல போடுறான், பாருங்க!"

"படிச்சவனாய்யா நீ?"

"ஆமா, படிச்சவன்தான்! இப்பத்தான் கண்ணு தெரியுதா உங்களுக்கு?" என்று கத்தினான் இளம்பரிதி. "இன்னும் ஒரு சுத்து வரவா?"

வரிசை வரிசையாகச் சிவந்தது. போண்டா மனிதர் எழுந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். தும்பியின் குரலில் முதல் தடவையாக ஒரு பதற்றம்.

"அன்புப் பயணிகளே, உங்களுக்கு என்ன வேண்டும்?"

"அந்த ஆளை இறக்கு!"

"அதற்கு நான் திருச்சியில் இறங்க வேண்டும். குலுங்குமே?"

"எப்படியாவது குலுங்கித் தொலை! முதல்ல அவனை இறக்கு!"

தும்பி மூக்கைக் கவிழ்த்தது. மேகத்துக்குள் தூக்கிப் போட்டது, உலுக்கியது. ஒருவருக்கும் வாந்தி வரவில்லை. திட்டுவதற்கே வாய் போதவில்லை. தரை தொட்டு நின்றதும் கதவு முதலில் அவனுக்காக மட்டும் திறந்தது. இளம்பரிதி படியில் கால் வைத்தபோது பின்னால் கைதட்டலும் விசிலும் பறந்தன. ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். முன்னிருந்து பின் வரை ஒரே பச்சை. அவ்வளவு அடர்ந்த பச்சையை அவன் எந்த விமானத்திலும் பார்த்ததில்லை.

யோசிக்க நேரமில்லை. ஓடினான்.

லால்குடியில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். கோடியை அக்கா மேல் போர்த்தினான். முகத்தைப் பார்த்தான். அதற்கப்புறம்தான் தூக்கினார்கள்.

காரியம் முடிந்து சிங்கப்பூர் திரும்ப, தும்பியை வேண்டுமென்றே தவிர்த்து, நாரை என்கிற புது விமானத்தில் ஏறினான். நாரை ஓடுபாதை ஓரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வியர்த்தது. குழந்தைகள் அழுதன. விளக்குகள் சிவந்தன. அப்போது நாரையின் இனிய குரல் வந்தது.

"தாமதத்துக்கு வருந்துகிறேன். கடைசி வரிசையில் ஜன்னலோரப் பயணி பெல்ட் போட மறுக்கிறார்."

"எவன்டா அவன், அறிவுகெட்டவன்?"

முதலில் கத்தியது இளம்பரிதிதான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. கடைசி வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், பாஸ்போர்ட்டைப் பாலிதீன் கவரில் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். கட்டட வேலைக்கு முதல் தடவையாகப் போகிறவர் போல.

"போட்டுத்தாங்க இருக்கேன். பாருங்க, இறுக்கமா போட்டிருக்கேன்."

போட்டுத்தான் இருந்தார். ஆனால் பெல்ட்டை யாரும் பார்க்கவில்லை. முகத்தைத்தான் முறைத்தார்கள். விமானம் முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. இளம்பரிதி மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அவன் விளக்கும் பச்சை.

எல்லோரும் சேர்ந்து திட்ட ஒருவன் கிடைத்தால் பச்சை எரியும் என்று தும்பி கற்றுக்கொண்டதும், அதை மற்ற விமானங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இப்போது புரிந்தது. தும்பிக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தான்.

"அவர் போட்டிருக்காருங்க! போய்ப் பாருங்க! இந்த விமானம் பொய் சொல்லுது!"

நாரை அதே இனிமையோடு சொன்னது:

"சிறு திருத்தம். தாமதத்துக்குக் காரணம் இரண்டு பேர்."

தலைகள் இந்தப் பக்கம் திரும்பின. பக்கத்து இருக்கைப் பெண் தன் திரையை வாஞ்சையோடு தடவினாள்.

"ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுட்டு நீ கிளம்பு, கண்ணு."