குத்துக்கம்பு

தூளிக் கயிறு கத்தவில்லை.

நூரிஸ் மரவள்ளிக்கிழங்கு உரிக்கும் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு, காதைக் கூடத்துப் பக்கம் திருப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்திய காது அது. தூளியில் படுத்திருக்கும் புருஷன் அர்செலியோ மூச்சை இழுத்தால் ஒரு கிறீச், விட்டால் ஒரு கிறீச். கொக்கிக்கு எண்ணெய் விடய்யா என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வெளியே மத்தியான வெயில் தகரக் கூரையை முறுக்கிக்கொண்டிருந்தது. ஆமை தேடுகிறவர்கள் ஏரிக்கரைப் புல்லைக் கொளுத்திய புகை உள்ளே வராமலிருக்கக் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, இடுக்குகளில் பழந்துணியைத் திணித்திருந்தாள். பாதி இருட்டில் கரிந்த புல்லும் ஆறிப்போன காப்பியும் நாறின. அதற்கும் அடியில், தண்ணீர் வற்றிய பிறகு தரையில் தங்கும் பழஞ்சேற்றின் வாடை, அவள் இரண்டு தடவை கழுவித் தள்ளிய பிறகும், தூளிப் பக்கமிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டேயிருந்தது.

கிறீச்.

"அப்பாடா" என்று கிழங்கை எடுத்தாள். உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்து அதையும் முடித்தாள். அதற்கப்புறம்தான் கயிறு அடுத்த தடவை கத்தியது.

முந்தாநாள் ஏரிக்கு ஆமை தேடிப் போனவன் அவன். பெரிய வாரம் நெருங்கிவிட்டது. தேங்காய்ப்பாலில் ஆமைக்கறி இல்லாமல் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் பெரிய வெள்ளி விடியாது. வழக்கமாக இந்தக் காலத்தில் ஏரி ஓரத்தில்தான் வற்றும். இந்த வருஷம் மேட்டில் எருமை வளர்ப்பவர்கள் வாய்க்காலை மண் போட்டு அடைத்ததோடு, போன மழையும் ஏமாற்றிவிட்டதால், நடு ஏரியே வெடித்துக் கிடந்தது. ஆமைகள் என்றைக்கோ மண்ணுக்குள் இறங்கிவிட்டன. இரும்பு முனை வைத்த குத்துக்கம்பால் குத்திக்கொண்டே போனால் ஓட்டில் பட்டு டொக்கென்று கேட்கும். அங்கே தோண்ட வேண்டும். அப்படிக் குத்திக்கொண்டே போன அர்செலியோ மேலே காய்ந்து உள்ளே சேறாகக் கிடந்த ஒரு பொதுமலில் கழுத்துவரை இறங்கிவிட்டான். மறுநாள் காலையில் அவன் தம்பி டாகோதான் பார்த்து, சிரித்துச் சிரித்துக் கயிறு போட்டு இழுத்தான். அர்செலியோ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "கீழ ஜில்லுனு இருக்கு நூரிஸ்" என்றான். போய்ப் படுத்தான். அவ்வளவுதான். சோறு இல்லை, பேச்சு இல்லை, புரண்டுகூடப் படுக்கவில்லை.

பக்கத்து வீட்டு எதில்சா, அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தவள், தூளியை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"தூங்கட்டும் விடுடி. முழிச்சிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிடப் போறான்? என் ஆளு கல்யாணத்துலேர்ந்து தூங்குறான், நான் என்ன ஆஸ்பத்திரிக்கா ஓடுறேன்?"

"கால தொட்டுப் பாருக்கா."

எதில்சா தொட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், இன்னொரு முறை துடைத்துக்கொண்டாள்.

"மகாங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடணும்டி."

"எதுல? படகு தரையில கெடக்கு. ஆம்பளைங்க எல்லாம் ஏரியில."

"சாயங்காலம் டாகோ வரட்டும். தூளியோட கம்புல கட்டித் தூக்கச் சொல்லலாம். அதுவரைக்கும் முழிக்க வச்சுக்கிட்டே இரு. ஜெபம் பண்ணு." வந்த வேலையை மறந்து, நெருப்பு எடுக்காமலேயே போய்விட்டாள்.

முழிக்க வைக்க நூரிஸ் என்னதான் செய்யவில்லை? கன்னத்தில் தட்டினாள். கிள்ளினாள். காதோரம் திட்டினாள், அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள்; மற்ற நாளாக இருந்தால் அதற்கே வீடு ரெண்டுபட்டிருக்கும். அவன் தோல் பானையின் அடிப்புறம்போல் குளிர்ந்து கிடந்தது. கழுவிவிட்ட நகக்கண்களில் மறுபடி ஈரச் சேறு. அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சமையல் மூலையில் மல்லாத்தி வைத்திருந்த ஆமைகளைப் பார்க்கவும் பயமாக இருந்தது. ஏனென்றால் அவளுக்கு ஆமைகளைத் தெரியும். மண்ணுக்குள் இருக்கும்வரை அது தின்னாது, நெஞ்சு எப்போதாவது ஒருதரம் அடிக்கும், உள்ளே சேர்த்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும். மழை ரொம்பத் தள்ளிப்போனால் செலவு செய்ய ஒன்றுமிருக்காது. இந்த வருஷம் தோண்டியெடுத்தவை வெறும் சுரைக்குடுக்கை கனம்தான் இருந்தன. தொட்டித் தண்ணீரில் விட்டால் சில கழுத்தை நீட்டின, சில நீட்டவேயில்லை. நீட்டாதவற்றையும் அவள் அறுத்திருக்கிறாள். எடுத்துத் தட்டில் வைத்த நெஞ்சுக்குலை, உலை கொதித்து அடங்கிய பிறகும், தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அவன் மார்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. கூரைத் தகரம் முறுக்கியது. தூரத்தில் தீ சடசடத்தது. ஒன்றுமில்லை. "மாதாவே, மாதாவே" என்றாள். பிறகு, எங்கோ ஒரு கிணற்றின் அடியாழத்தில் யாரோ ஒரு கல்லை வைத்ததுபோல், ஒரே ஒரு அடி.

இரவுக்கு என்று ஒரு குடம் தண்ணீர் மிச்சம் இருந்தது. வீட்டில் இருந்ததே அவ்வளவுதான். தூக்கி வந்து அவன் தலையில், நெற்றியில், மார்பில் ஊற்றினாள். ஆமைக்கு ஊற்றுவதுபோல்தான் ஊற்றினாள். வேறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

கிறீச்.

அவன் கண் திறந்தது. மேலிமை அசையவில்லை. கீழிமை கீழே இறங்கியது.

"மழ வந்துடுச்சா?"

குரல் அவனுடையதுதான். நூரிஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இல்லய்யா. எந்திரி. எந்திரிச்சு உக்காரு என் ராசா."

"வரலியா?" அவன் அவளையே பார்த்தான். கோபமில்லை. சலிப்புத்தான். "அப்புறம் ஏன் எழுப்புன?"

கீழிமை ஏறி மூடியது.

அவள் தெருவுக்கு ஓடினாள். எதில்சா என்று கத்தினாள், டாகோ என்று கத்தினாள், யார் யார் பெயரையோ சொல்லிக் கத்தினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. புகைக்குப் பயந்து எல்லாரும் அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். திரும்பி வந்தபோது தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. தரையில் ஈரம். காலடி இல்லை. வயிறு இழுபட்ட அகலத்துக்கு ஒரு சேற்றுத் தடம், பின்கதவைத் தாண்டி, ஏரியை நோக்கி.

ஏரியில் நிழலே இல்லை. புகைக்குள் சூரியன் செம்புத் தட்டாகத் தொங்கியது. தடம் வெடித்த மண்மேல் நீண்டு நீண்டு போய், ஓரிடத்தில் நின்றுவிட்டது. குழி இல்லை. கிளறிய மண் இல்லை. பல மாத வெயிலில் செங்கல்லாக இறுகிய மேல்பொருக்கு, அப்படியே. அங்கங்கே விரல் நுழையும் ஈரத் துளைகள், ஆமைகள் மூச்சுக்கு வைத்த துளைகள். எது அவனுடையது?

புகையிலிருந்து டாகோ ஓடிவந்தான், தோளில் சாக்கும் கையில் கம்பும்.

"அண்ணி! பைத்தியமா உனக்கு? அக்கரைக்காரனுங்க அவங்க பக்கம் கொளுத்திட்டானுங்க. காத்து இங்கதான் திரும்புது. ஓடு!"

"உங்க அண்ணன் உள்ள இருக்காருடா."

"எதுக்குள்ள?"

அவள் தரையைக் காட்டினாள். அவன் தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வீட்லதான இருக்கான்?"

"இல்லடா. தடத்தப் பாரு. தோண்டுடா, உன் கால்ல விழறேன், தோண்டு."

"எவனாவது படக இழுத்திருப்பான். மண்ணு பொளந்திருக்கா பாரு? ஒரு ஆள் எறங்கின மாதிரியா இருக்கு?" கரைப் பக்கம் திரும்பினான். "நான் வீட்டப் போய்ப் பாக்குறேன். நீ வந்துடு. வந்துடு அண்ணி!" சாக்கையும் கம்பையும் போட்டுவிட்டு ஓடினான்.

தீயின் சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. போன வருஷம் இப்படி நெருப்பு ஓடிய இடத்தில் தோண்டியபோது ஆமைகள் ஓட்டுக்குள்ளேயே வெந்திருந்தன. நூரிஸ் மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். பொருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. நகம் பிய்ந்தது. ரத்தம் வந்தது. மண் வரவில்லை.

மிச்சம் கம்புதான்.

ஓட்டில் பட்டால் டொக். வேரில் பட்டால் சத்தமே வராது, கை மட்டும் எகிறும். இதெல்லாம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். மனிதன்மேல் பட்டால் எப்படிக் கேட்கும்? அதை யாரும் சொல்லவில்லை. மனிதனுக்கு ஓடு கிடையாது.

மெதுவாக அழுத்தினாள். பொருக்கு இரும்பு முனையைத் துப்பியது. மெதுவாக அழுத்தினால் அது உடையாது. உடைய வேண்டுமானால் ஓங்கிக் குத்த வேண்டும். ஓங்கிக் குத்தினால் உள்ளே இருக்கும் சொதசொதப்பில் கம்பு எங்கே போய் நிற்கும் என்பது அவள் கையில் இல்லை.

"அர்செலியோ! மழ வந்துடுச்சு! எந்திரிய்யா, மழ வந்துடுச்சு!"

பொய்யை மண் நம்பவில்லை.

முதல் துளைக்குப் பக்கத்தில் குத்தினாள். டொக். ஆமை. இரண்டாவது. டொக். புகை கண்ணைக் கரித்தது. முதுகு சுட்டது. மூன்றாவது துளை மற்றவற்றைவிடப் பெரியது. விளிம்பில் ஈரம். அதிலிருந்து வந்த காற்றில் பழஞ்சேறு. அதற்குள் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அவனுடைய சுருட்டு வாசனை.

இங்கேதான்.

துளையை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றாள். இவ்வளவு தள்ளினால் படாது. படாது. பொருக்கை மட்டும் உடைத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கினாள்.

பொருக்கு உடைந்தது. கம்பு இறங்கியது. வழுக்கிக்கொண்டு இறங்கியது. நின்றது.

சத்தமே வரவில்லை.

கை எகிறவும் இல்லை.

அவள் கையை எடுத்துவிட்டாள். கம்பு சாயவில்லை. நேராக நின்றது.

காற்று திரும்பியது. தீ கரைப்புல்லைத் தாண்டி ஏரிக்குள் இறங்கியது. ஓட வேண்டும். ஓட முடியவில்லை. பிடுங்க வேண்டும். பிடுங்கினால் என்ன ஆகும்? விட்டுப் போனால் என்ன ஆகும்? அவள் அங்கேயே மண்டியிட்டாள். கம்பை மட்டும் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

கம்பு அசைந்தது. ஒரே ஒரு முறை, மேலே ஏறி இறங்கியது.

புல் எரிந்தது. அவள் காத்திருந்தாள். ஒரு கிழங்கு உரிக்கும் நேரம். இன்னொரு கிழங்கு உரிக்கும் நேரம்.

மறுபடி அசைந்தது.